இடம்பெயர்ந்த பட்டணம்

நுழையும்முன்

போர் வரலாற்றைப் படிக்கும்போது வென்றவர் யார், தோற்றவர் யார் என்றே பெரும்பாலும் வினவுகிறோம். அப்போரினிடையே வீடிழந்தவர்கள் எங்குச் சென்றனர், எவ்வாறு மீண்டும் வாழத் தொடங்கினர் என்பவையும் வரலாறே. வடசென்னையின் தெருக்களில் நடந்து அவ்வரலாற்றை அறிவோம்.

மதிலின் எச்சம்

தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு இராயபுரம் நிலையத்திலிருந்து புறப்பட்டது. அந்நிலையத்திலிருந்து தெற்கே சென்றால், பழைய சிறைச்சாலைச் சாலையில் தடித்த மதிலின் ஒரு பகுதியைக் காணலாம். அதன்மேல் அமைந்துள்ள பூங்காவை மக்கள் 'மாடிப் பூங்கா' என்கின்றனர். இன்று பூங்காவாக உள்ள அம்மேடு, பகைவரை எதிர்க்க எழுப்பப்பட்ட நகர அரணின் எச்சமாகும். அந்நகரம் இன்றைய ஜார்ஜ் டவுன். ஆனால், அதற்கு முன்பே ஒரு நகரம் இருந்து அழிந்தது.

அழிந்த நகரம்

1640ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டை உருவானபோது, அதன் வடபுறத்தில் நெசவாளர், சாயமிடுவோர், வணிகர், துபாசிகள் ஆகியோர் குடியேறினர். சென்னைப்பட்டணம் என வழங்கிய அக்குடியிருப்பை ஆங்கிலேயர் 'கறுப்பர் நகரம்' என்றனர்.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். கோட்டையைக் காக்க அதன் முன்னே வெட்டவெளி வேண்டும் எனக் கருதிய அவர்கள், மதிலை ஒட்டியிருந்த வீடுகளை இடித்தனர். உடன்படிக்கையின்படி 1749இல் சென்னையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயரும் அதே கருத்தையே பின்பற்றினர். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி நகருக்குள் புகுந்து கோட்டையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேரவே முற்றுகை நீங்கியது. மீண்டும் எதிரிகள் வீடுகளின் மறைவிலிருந்து தாக்கலாகாது என்று எஞ்சியிருந்த பகுதியும் அகற்றப்பட்டது. பகைவரும் காவலரும் ஆகிய இருவரும் மக்களின் இல்லங்களை இடித்தனர் என்பது இங்கு எண்ணத்தக்கது.

புதிய பேட்டைகள்

வீடிழந்தோர் வடக்கே இருந்த முத்தியாலுப்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை ஆகிய புறநகர்களில் குடியேறினர். அவற்றினிடையே கிடந்த தாழ்நிலத்தை, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் போபாம் என்னும் ஆங்கிலேயர் வடிகாலமைத்துத் தெருவாக்கினார். 'பிராட்வே' எனப்பட்ட அத்தெருவே இன்றைய பிரகாசம் சாலை. தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு, பவளக்காரத் தெரு ஆகிய பெயர்கள், வணிகரும் அவர்தம் தொழிலும் இங்கு வேரூன்றியதைக் கூறுகின்றன. ஆர்மீனிய வணிகரின் தேவாலயமும் 1772இல் இங்கு எழுந்தது.

1767, 1769 ஆகிய ஆண்டுகளில் மைசூர்ப் படைகள் நகரின் புறப்பகுதிவரை வந்தன. அதன்பின், முன்னே கூறிய மதில் நகரின் வடக்கிலும் மேற்கிலும் கட்டப்பட்டது. அதன் செலவுக்காக மக்களிடம் வரி பெறக் கும்பினியார் எண்ணினர். மதில் பெரும்பாலும் மறைந்தபோதும், 'வால்டாக்ஸ் சாலை' என்னும் பெயர் அவ்வெண்ணத்தை இன்றும் சுமந்து நிற்கிறது.

இடம் மாறிய கோயில்

பழைய நகரின் நடுவே இருந்த பட்டணம் கோயிலும் 1757இல் இடிக்கப்பட்டது. அதற்கு ஈடாகக் கும்பினியார் வேறிடத்தில் நிலம் வழங்கினர். மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியாலும் மக்களின் கொடையாலும் சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்ன மல்லீசுவரருக்கும் அடுத்தடுத்துக் கோயில்கள் எழுந்தன. தேவராச முதலித் தெருவை ஒட்டி அவற்றை இன்றும் காணலாம். பழைய இடத்தை மீட்க இயலாத மக்கள், அவ்விடத்தின் பெயரையும் வழிபாட்டையும் தம்மோடு கொண்டு வந்தனர்.

எல்லைத் தூண்

தெற்கே பாரிமுனையில், வானுயர்ந்த கட்டடத்தின் அருகே சிறிய தூண் ஒன்று நிற்கிறது. இதைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் எவரும் வீடு கட்டலாகாது என உணர்த்த, 1773இல் நிறுத்தப்பட்ட ஆறு தூண்களுள் எஞ்சியது இது ஒன்றே. அதற்கப்பால் நெடுங்காலம் வெற்றிடமாகக் கிடந்த நிலத்தில் 1892இல் உயர்நீதிமன்றம் எழுந்தது. சிவந்த மாடங்களை வியந்து நோக்குவோர், அந்நிலத்தில் முன்பு ஒரு நகரம் இருந்ததையும் நினைவில் கொள்ளுதல் வேண்டும். 1911இல் புதிய நகரம் அரசர் ஐந்தாம் ஜார்ஜின் பெயரைப் பெற்றது.

மீட்டெழுப்புதல்

போலந்தின் தலைநகரான வார்சாவின் பழைய நகர்ப்பகுதி 1944இல் ஜெர்மானியரால் தரைமட்டமாக்கப்பட்டது. மக்கள் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களையும் துணையாகக் கொண்டு, அதே இடத்தில் அதே வடிவில் அதனை எழுப்பினர். 1980இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. சென்னைப்பட்டணத்தாருக்குப் பழைய இடமும் கிட்டவில்லை; பழைய வடிவும் கிட்டவில்லை. ஆயினும், தொழிலையும் உறவையும் வழிபாட்டையும் கொண்டு அவர்கள் ஒரு நகரை ஆக்கினர். கட்டடங்கள் மட்டும் நகரமாகா. கூடி வாழும் மக்களே நகரம். எனவே, அவர்கள் விட்டுச்சென்ற தெருப்பெயரையும் தூணையும் மதிலையும் காத்தல் நம் கடமையாகும்.

தெரிந்து தெளிவோம்

முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவில் 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையைத் தாக்கியது. துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்க் கொள்கலன்கள் தீப்பற்றின. அந்நிகழ்வைக் கூறும் கல்வெட்டு உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் உள்ளது.

சிந்தனை வினாக்கள்

1. பழைய சென்னைப்பட்டணம் இடிக்கப்பட்டதற்கான காரணங்களைத் தொகுத்துரைக்க.
2. வார்சா, சென்னைப்பட்டணம் ஆகியவை மீண்டெழுந்த முறைகளை ஒப்பிடுக.
3. உம் ஊரின் தெருப்பெயர் ஒன்று உணர்த்தும் வரலாற்றை முதியோரிடம் கேட்டறிந்து எழுதுக.