பாட்டைப் பிரித்துத் தரும் நிரல்: எம்பி3 டிகோடருக்குள் ஒரு பார்வை

பினாங்கு, ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியாவில் நடந்திருக்கிறீர்களா? லெபோ பசாரில் கால் வைத்ததும் கடைகளின் ஒலிபெருக்கிகள் தமிழ்ப் பாடல்களோடு வரவேற்கும். அங்கு விற்ற பாடல்கள் முதலில் ஒலிநாடாவில் இருந்தன. பிறகு குறுந்தட்டு வந்தது, அதன் பின் ‘எம்பி3’ தட்டு வந்தது. ஒன்றிரண்டு படங்களின் பாடல்கள் மட்டுமே பிடித்த அதே தட்டில் நூற்றைம்பது பாடல்கள் இடம்பிடித்தன. தட்டின் அளவு மாறவில்லை. பாடல்களைச் சுருக்கிய கணிதமும், அவற்றை மீண்டும் விரித்துத் தந்த நிரலும்தான் புதியவை. அந்த நிரலை எப்படி வேகப்படுத்துகிறார்கள், எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு

சாதாரணக் குறுந்தட்டில் ஒலியானது விநாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவாகிறது. ஒரு மாதிரிக்கு 16 பிட். இடம், வலம் என இரண்டு தடங்கள். ஆகவே ஒரு விநாடிக்கு

44,100 × 16 × 2 = 1,411,200 பிட்.

ஒரு நிமிடத்துக்கு இது சுமார் 10.6 மெகாபைட். 128 கிலோபிட் வேகத்தில் சுருக்கிய எம்பி3 கோப்புக்கு நிமிடத்துக்கு 0.96 மெகாபைட் போதும். அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. 700 மெகாபைட் தட்டில் ஏறக்குறைய 12 மணி நேரப் பாடல் அடங்கிவிடும்.

நம் காது கவனிக்காத ஒலிகளைக் குறைத்து, மீதியைச் சிறிய குறியீடுகளாக அடுக்குவதுதான் சுருக்கம். பாட்டைக் கேட்க வேண்டுமானால் அந்தக் குறியீடுகளைப் பிரித்து மீண்டும் ஒலி அலையாக்க வேண்டும். இதைச் செய்யும் நிரலே டிகோடர். தமிழில் குறிவிலக்கி எனலாம். அதற்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒரு விநாடிப் பாட்டை ஒரு விநாடிக்குள் பிரித்து முடிக்க வேண்டும். முடியாவிட்டால் பாட்டு விட்டு விட்டுக் கேட்கும்.

டிகோடர் செய்யும் நான்கு வேலைகள்

எம்பி3 கோப்பு சிறு சிறு சட்டகங்களால் ஆனது. 44,100 மாதிரி வேகத்தில், ஒரு சட்டகம் ஒவ்வொரு தடத்துக்கும் 1,152 மாதிரிகளைத் தரும். ஆகவே ஒரு சட்டகத்தின் நீளம் சுமார் 26 மில்லி விநாடி. விநாடிக்கு ஏறத்தாழ 38 சட்டகங்கள்.

1. சட்டகத்தின் தொடக்கத்தைக் கண்டுபிடித்தல். தொடர்ந்து 11 பிட்களும் ‘1’ ஆக இருப்பதே அடையாளம்.

2. குறியீட்டை எண்ணாக்குதல். அடிக்கடி வரும் எண்ணுக்குச் சிறிய குறியீடு, அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடு. இது ஹஃப்மன் முறை.

3. எண்ணை உரிய அளவுக்குப் பெருக்குதல். ஒவ்வோர் எண்ணையும் 4/3 அடுக்குக்கு உயர்த்தி, பிறகு ஓர் அளவுக் காரணியால் பெருக்க வேண்டும்.

4. அதிர்வெண்களை அலையாக்குதல். 576 அதிர்வெண் மதிப்புகள் 32 பட்டைகளாக, பட்டைக்கு 18 வீதம் (32 × 18 = 576) பிரிந்து, கடைசியில் ஒரே ஒலி அலையாகச் சேரும். அதிகப் பெருக்கல்கள் இந்தக் கடைசி வேலையில்தான்.

சென் கணக்கில் பாட்டு

ராபர்ட் லெஸ்லி எழுதிய ‘லிப்மேட்’ புகழ்பெற்ற திறமூல டிகோடர்களில் ஒன்று. மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், உரிம நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பகிரலாம் என்பதே திறமூலம். லிப்மேட்டில் தசமப் புள்ளிக் கணக்கே கிடையாது. எல்லாம் முழு எண்கள். ஏன் அப்படி? கையடக்க இசைக்கருவிகளில் இருந்த மலிவான சில்லுகள் பலவற்றுக்குத் தசமக் கணக்கு போடும் தனிப் பகுதி இல்லை. அவை முழு எண்ணை மட்டுமே விரைவாகக் கையாளும்.

கடைக்காரர் 1 ரிங்கிட் 25 சென்னை 125 சென் என்று எண்ணினால் புள்ளி தேவையில்லை அல்லவா? லிப்மேட்டும் இதையே செய்கிறது. அதன் ‘சென்’ மட்டும் மிக மிகச் சிறியது. 1 என்ற மதிப்பை அது 2²⁸, அதாவது 268,435,456 என எழுதும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 1.25 × 1.15 கணக்கைச் சென் முறையில் போட்டால் 125 × 115 = 14,375. இதை நூறால் வகுத்தால் 143.75 வரும். முழு எண்தான் வேண்டும் என்றால் .75 சென்னை விட வேண்டும், அல்லது 144 ஆக முழுமையாக்க வேண்டும். ஒருமுறை நடந்தால் இழப்பு அற்பம். விநாடிக்கு இலட்சக்கணக்கான பெருக்கல்களில் நடந்தால் அது இரைச்சலாகச் சேரும். ஆகவேதான் லிப்மேட்டில் வேகத்துக்கு ஒன்று, துல்லியத்துக்கு ஒன்று என இரு தெரிவுகள் வைத்திருக்கிறார்கள்.

வேகப்படுத்தும் மூன்று வழிகள்

முதல் வழி, வாய்ப்பாடு. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நாம் கூட்டிப் பார்ப்பதில்லை, மனப்பாடத்திலிருந்து சொல்கிறோம். மூன்றாம் வேலையில் வரும் எண் 0 முதல் 8,206 வரைதான். ஆகவே 8,207 விடைகளையும் முன்கூட்டியே பட்டியலிட்டு வைத்துவிட்டால், கடினமான 4/3 அடுக்குக் கணக்கை ஒவ்வொரு முறையும் போட வேண்டாம்.

இரண்டாம் வழி, நல்ல கணிதம். அலையாக்கும் வேலையின் ஒரு படியை நேரடியாகச் செய்தால், ஒவ்வொரு 32 மாதிரிக்கும் 64 × 32 = 2,048 பெருக்கல்கள். இரு தடங்களுக்கும் சேர்த்து விநாடிக்கு 5,644,800. ஆனால் அங்கு வரும் கொசைன் மதிப்புகள் திரும்பத் திரும்ப வருபவை. அ×க + அ×ங என்பதை அ×(க+ங) என்று எழுதினால் ஒரு பெருக்கல் மிச்சமாகிறது. இதே எண்ணத்தை விரிவாக்கி, பியோங் கீ லீ 1984இல் வெளியிட்ட முறையில் அந்த 2,048 பெருக்கல்கள் 80 ஆகக் குறைகின்றன. விநாடிக்கு 220,500 பெருக்கல்கள் போதும். சில்லு மாறவில்லை, பாட்டும் மாறவில்லை. வேலை மட்டும் இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிட்டது.

மூன்றாம் வழி, சில்லின் திறனைப் பயன்படுத்துதல். பல செயலிகள் ஒரே கட்டளையில் நான்கு பெருக்கல்களைச் செய்யும். ‘எம்பிஜி123’ என்ற டிகோடர் பல வகைச் செயலிகளுக்குத் தனித்தனி நிரல் பகுதிகளை வைத்திருக்கிறது. ஓடத் தொடங்கும்போது செயலியைப் பார்த்து, பொருத்தமானதைத் தேர்ந்துகொள்ளும்.

வேலை குறைந்தால் செயலி ஓய்வெடுக்கும், மின்கலம் நீடிக்கும். கையடக்க இசைக்கருவிகளுக்கான ‘ராக்பாக்ஸ்’ என்ற திறமூல மென்பொருளின் ஆர்வலர்கள் லிப்மேட்டை எடுத்து, தங்கள் கருவிகளின் சில்லுகளுக்கு ஏற்பச் செதுக்கியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

வேகம் மட்டும் போதுமா?

போதாது. திருத்திய ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். எம்பி3 தரநிலையில் சோதனைக் கோப்புகள் உண்டு. டிகோடர் தரும் அலையையும் சரியான அலையையும் ஒப்பிட வேண்டும். முழு வீச்சை 1 எனக் கொண்டால், எந்த மாதிரியிலும் வேறுபாடு 1/16,384க்கு மேல் போகக்கூடாது. சராசரி வேறுபாட்டுக்கு இதைவிடக் கடுமையான வரம்பு உண்டு. வேகம் இரட்டிப்பானாலும் இந்தச் சோதனையில் தவறினால் அந்தத் திருத்தத்தைக் கைவிட வேண்டியதுதான்.

தொடாத நிரல் எப்படிக் கெடும்?

லிப்மேட்டின் 0.15.1பி பதிப்பு 2004இல் வெளியானது. பிறகு அதன் ஆசிரியரிடமிருந்து புதிய பதிப்பு வரவில்லை. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனாலும் சில ஆண்டுகளில் அது பல கணினிகளில் உருவாக மறுத்தது.

காரணம், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ‘ஜிசிசி’ தொகுப்பி. லிப்மேட் தன்னை உருவாக்கும்போது ‘ஃபோர்ஸ்-மெம்’ என்ற தெரிவைக் கேட்கும். 2008இல் வந்த ஜிசிசி 4.3 பதிப்பில் அந்தத் தெரிவு நீக்கப்பட்டிருந்தது. வீட்டை யாரும் தொடவில்லை, வீதி மாறிவிட்டது. மூலநிரல் திறந்திருந்ததால் லினக்ஸ் விநியோகங்களைப் பராமரிப்பவர்கள் அந்த ஒரு வரியை நீக்கிச் சரிசெய்தார்கள்.

பாதுகாப்புச் சிக்கல் இதைவிடப் பெரியது. எம்பி3 சட்டகம் ஒன்று, ‘என் தரவு இத்தனை பைட்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது’ என்று சொல்ல முடியும். 511 பைட் வரை பின்னால் காட்டலாம். ஆனால் கோப்பின் முதல் சட்டகமே அப்படிச் சொன்னால்? அதற்கு முன்னால் எதுவும் இல்லையே! டிகோடர் அதை நம்பி நினைவகத்தில் தனக்குச் சொந்தமில்லாத இடத்தைப் படித்தால் ஆபத்து. ஆகவே கோப்பு சொல்வதை நம்பாதே, அளந்து பார் என்பது டிகோடர் எழுதுவோரின் பாலபாடம். 2017இல் லிப்மேட்டில் மூன்று பாதுகாப்புக் குறைகள் பொதுப் பட்டியலில் பதிவாயின. வேண்டுமென்றே தவறாக அமைத்த ஒலிக்கோப்பு ஒன்றே அவற்றைத் தூண்டப் போதுமானது. எத்தனையோ கருவிகளில் பல ஆண்டுகள் பாடிக்கொண்டிருந்த நிரலில் இருந்த குறைகள் அவை.

பராமரிப்பவர் விலகினால் என்ன ஆகும்? எம்பிஜி123 நிரலை முதலில் எழுதியவர் மைக்கேல் ஹிப். பின்னர் சில ஆண்டுகள் அது தேங்கிக் கிடந்தது. 2006இல் தாமஸ் ஓர்கிஸ், நிக்கோலஸ் ஹம்ஃப்ரி ஆகியோர் பொறுப்பேற்று அதற்கு மறுவாழ்வு தந்தார்கள். லிப்மேட்டையும் பின்னாளில் ‘டெனாசிட்டி’ என்ற ஒலித்திருத்தி மென்பொருளின் குழு எடுத்துத் தொடர்ந்தது. பூட்டிய நிரலாக இருந்திருந்தால் இரண்டுமே ஆசிரியரோடு நின்றிருக்கும்.

2017 ஏப்ரலில் எம்பி3 காப்புரிமைக்கான உரிமத் திட்டமும் முடிவுக்கு வந்தது. இன்று புதிய ஒலி வடிவங்கள் பல உண்டு. ஆனால் வீடுகளில் உள்ள பழைய தட்டுகளிலும் விரலிகளிலும் எம்பி3 பாடல்கள் இன்னும் இருக்கின்றன. மறுபதிப்பு வராத பாடல்களும் அவற்றில் இருக்கலாம். அவற்றைப் பிரிக்கத் தெரிந்த நிரலை யாராவது பார்த்துக்கொள்ளும்வரைதான் அவை பாட்டு. இல்லையென்றால் வெறும் எண்கள்.

செய்து பாருங்கள்

1. மாதிரி வேகம் 48,000 என்றால் 1,152 மாதிரிகள் கொண்ட ஒரு சட்டகத்தின் நீளம் எவ்வளவு?

2. 3.25 × 1.40 கணக்கைச் சென் முறையில் முழு எண்களை மட்டும் கொண்டு போடுங்கள்.

3. வாய்ப்பாட்டு முறை வேகம் தரும். பதிலுக்கு எதை அதிகம் செலவழிக்கும்?

விடைகள்: (1) 24 மில்லி விநாடி. (2) 325 × 140 = 45,500; நூறால் வகுத்தால் 455 சென், அதாவது 4.55. (3) நினைவகத்தை.