எடைக்கல்லைக் காட்டு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய ‘பத்துப் பொய்ச் சிகரங்கள்’ கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பொன்னியின் செல்வன், சிவாஜி கணேசனின் நடிப்பு, சிட்டிசன் கேன், இன்று எழுதிக்கொண்டிருக்கும் மூன்று பேர் என்று வரிசை போகிறது. ஒவ்வொன்றின் கீழும் ஒரே தீர்ப்பு: தகுதிக்கு மீறிக் கொண்டாடப்படுகிறது. உனக்குத் துணிவு இருக்கிறது, மொழியும் கைவந்திருக்கிறது. பெரிய பெயர்களைக் கேள்வி கேட்கும் துணிவு இல்லாமல் விமர்சனம் எழுத வரவே கூடாது. ஆனாலும் கட்டுரையை மடித்து வைத்த பிறகு ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. பத்தையும் தராசில் வைத்திருக்கிறாய். மறுதட்டில் எந்தக் கல்லை வைத்தாய் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை.

நம் மொழியில் இந்தச் சண்டை பழையது. அதில் மிக நல்ல சண்டை பாரதியைப் பற்றியே நடந்தது. 1930களின் நடுப்பகுதி. பாரதி மறைந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுத்தாளர் வ.ரா. அவரை உலகப் பெருங்கவிகளின் வரிசையில், சிலருக்கு மேலாகவே வைத்துப் பேசினார். பின்னாளில் பொன்னியின் செல்வனை எழுதிய கல்கி அப்போது ஆனந்த விகடனில் இருந்தார். அவருக்கும் பாரதி மேல் பற்று உண்டு. தேசிய கவி என்பதில் அவருக்கு மறுப்பில்லை. மகாகவி என்ற பட்டத்தைத்தான் ஏற்க மறுத்தார். உன் வார்த்தையில் சொன்னால், பாரதி தகுதிக்கு மீறிக் கொண்டாடப்படுகிறார் என்றார்.

கு.ப.ராஜகோபாலனும் ‘சிட்டி’ பெ.கோ.சுந்தரராஜனும் இதை மறுத்து எழுதினார்கள். கவிதை என்று எதைச் சொல்கிறோம், மகாகவி என்ற சொல்லுக்கு என்ன அளவு, அந்த அளவுக்குப் பாரதியின் கவிதைகள் நிற்கின்றனவா என்று படிப்படியாகப் போனார்கள். அந்தக் கட்டுரைகள் 1937இல் ‘கண்ணன் என் கவி’ என்ற நூலாயின. ஒரு பட்டத்தைப் பற்றி எழுந்த தகராறு நம் நவீன விமர்சனத்துக்கு ஒரு தொடக்க நூலைத் தந்தது. காரணம், அவர்கள் கல்லை எடுத்துக் காட்டினார்கள். கல் கண்ணுக்குத் தெரிந்தால்தான் எதிராளி அது சரியான கல்லா என்று கேட்க முடியும். அந்தக் கேள்வி பிறக்கும் இடத்தில்தான் விவாதம் தொடங்குகிறது. அதற்கு முன் நடப்பது வெறும் விருப்பு வெறுப்புப் பட்டியல்.

அந்தக் கதையின் பின்பாதியையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப முன்னின்று வாசகர்களிடம் நிதி திரட்டியவர் அதே கல்கிதான். 1947இல் ராஜாஜி அதைத் திறந்துவைத்தார். ஒரு சொல்லை மறுத்தவர் அந்தக் கவிஞனை மறுக்கவில்லை. ஒரு படைப்புக்குத் தரப்படும் இடத்தை மறுப்பது வேறு, படைப்பையே மறுப்பது வேறு. உன் கட்டுரையில் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. பொன்னியின் செல்வன் மோசமான நாவல் என்கிறாயா, அல்லது தமிழின் தலைசிறந்த நாவல் என்ற இடம் அதற்குப் பொருந்தாது என்கிறாயா? முதலாவதை நிறுவுவது கடினம். இரண்டாவதை நிறுவ முடியும், ஆனால் அதற்கு வேறு நாவல்களையும் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டும்.

இன்னொரு பெரிய சண்டையைச் சொல்கிறேன். தால்ஸ்தோய் எழுபத்தைந்து வயதில் ஷேக்ஸ்பியரை மீண்டும் முழுக்கப் படித்தார். பிறகு, ஷேக்ஸ்பியரின் புகழ் ஐரோப்பாவைப் பிடித்த ஒரு மயக்கம் என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அது 1906இல் அச்சானது. அதில் லியர் மன்னன் நாடகத்தைக் காட்சி காட்சியாக எடுத்துக்கொண்டு, அதற்கு மூலமான பழைய நாடகமே மேல் என்று வாதிட்டார். 1947இல் ஜார்ஜ் ஆர்வெல் பதில் எழுதினார். ரசனையை வாதத்தால் நிறுவ முடியாது, காலத்தைக் கடந்து நிற்பது ஒன்றே இலக்கியத்துக்குக் கடைசிச் சோதனை என்றார். அதோடு நிற்காமல், இத்தனை நாடகங்கள் இருக்கத் தால்ஸ்தோய் லியரை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டார். சொத்தையும் பதவியையும் துறந்தும் நிம்மதி காணாத கிழவன் லியர். சொத்துரிமையைத் துறந்த தால்ஸ்தோயும் 1910இல் வீட்டைவிட்டுக் கிளம்பிப்போய் ஒரு சின்ன ரயில் நிலையத்தில் உயிர்விட்டார். தன் வாழ்க்கையின் சாயல் அந்த நாடகத்தில் தெரிந்ததால்தான் அவருக்கு அதன்மேல் அத்தனை கோபம் என்பது ஆர்வெலின் ஊகம்.

இதில் உனக்கு இரண்டு பாடம் உண்டு. தால்ஸ்தோயின் முடிவை இன்று ஏற்பவர்கள் சிலரே. ஆனாலும் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்தும் அந்தக் கட்டுரையைப் படிக்கிறோம். அவர் படித்துவிட்டு எழுதினார், ஒவ்வொரு காட்சியையும் கையில் வைத்துக்கொண்டு எழுதினார். தவறான தீர்ப்புக்கும் அந்த உழைப்பு மரியாதை தேடித் தந்தது. இரண்டாவது பாடம், ஒரு படைப்பின்மேல் உனக்கு அளவுக்கு மீறிய எரிச்சல் வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று உன்னையே கேட்டுக்கொள். எல்லோரும் புகழ்கிறார்களே என்ற எரிச்சலா? வீட்டில் பெரியவர்கள் படி படி என்று திணித்ததால் வந்ததா? அந்தப் படைப்பு உன்னில் எதையோ தொட்டதாலா? விடை தெரிந்த பிறகு எழுத உட்கார்.

இருபத்து நாலு வயதில் நானும் உன்னைப் போல ஒரு கட்டுரை எழுதினேன். பொன்னியின் செல்வனை மறுத்து ஒரு சிற்றிதழில் நான்கு பக்கம். நான் படித்திருந்தது முதல் இரண்டு பாகம் மட்டுமே. எங்கள் ஊர் நூலகத்தில் நடந்த கூட்டத்தில் அதையே பேசினேன். பின்வரிசையில் இருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்தார். “தம்பி, பாத்திரங்கள் வளரவே இல்லைன்னு சொன்னீங்க. எந்த அத்தியாயத்தை வச்சுச் சொல்றீங்க?” என்றார். குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குச் சொல்வதற்கு ஓர் அத்தியாயமும் இல்லை. கூட்டம் முடிந்ததும் என்னை வீட்டுக்கு அழைத்துப்போனார். கல்கி இதழிலிருந்து வாராவாரம் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்திருந்த ஐந்து பாகங்களையும் எடுத்துத் தந்தார். ஓவியர் மணியத்தின் படங்கள், ஓரங்களில் அவருடைய பென்சில் குறிப்புகள், பின்பக்கங்களில் அந்தக் காலத்து விளம்பரங்கள்.

இரண்டு மாதம் அவற்றைப் படித்தேன். இது வாரத்துக்கு ஒருமுறை வீடு தேடி வந்த கதை என்பது அந்தத் தாள்களைப் புரட்டும்போதுதான் உறைத்தது. 1950 முதல் 1954 வரை, ஒவ்வொரு வாரமும் ஏழு நாள் காத்திருப்பை அது தாங்கியாக வேண்டும். வந்தியத்தேவன் சதியாலோசனையை மறைந்திருந்து கேட்பதும், கதவு திறக்கும் நேரத்தில் அத்தியாயம் முடிவதும் அந்த வடிவம் கேட்ட கூலி.

என் தீர்ப்பு தலைகீழாக மாறிவிடவில்லை. பெரும்பாலான பாத்திரங்கள் அறிமுகமாகும்போதே முழுமையாக வந்துவிடுகிறார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். வந்தியத்தேவனின் மனத்தில் ஆழமான மாற்றம் மணிமேகலையின் முடிவுக்குப் பிறகுதான், மிகத் தாமதமாக வருகிறது. ஆனால் ஆதித்த கரிகாலன் கொலையை முழுக்க வெளிச்சமாக்காமல் விட்டதைப் பலவீனம் என்று எழுதியிருந்தேன்; இன்று அதைத்தான் பெரிய பலமாகக் கருதுகிறேன். தொடர்கதை என்ற கல்லுக்கு அந்த நாவல் கனமானது. மனித மனத்தின் ஆழம் என்ற கல்லுக்கு நந்தினி தவிர மற்றப் பாத்திரங்கள் லேசு. இப்படிச் சொல்ல எனக்கு இரண்டு மாதமும் ஒரு பெரியவரின் பொறுமையும் தேவைப்பட்டன.

சிவாஜிக்கு வருவோம். மிகை நடிப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாய். அவர் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வசனம் கேட்க வேண்டும், கண் அசைவு தெரிய வேண்டும் என்பது அங்கே முதல் பாடம். வீரபாண்டிய கட்டபொம்மன் 1959இல் படமாவதற்கு முன்பே மேடையில் நடந்த நாடகம். அதை மேடையின் கல்லால் நிறுத்தால் ஒரு நடிகர் குரலாலும் உடலாலும் எவ்வளவு தூரம் போகலாம் என்பது தெரியும். முகத்துக்கு அருகே வரும் கேமராவின் கல்லால் நிறுத்தால் சில படங்களில் அவர் அந்த அருகாமையைப் பொருட்படுத்தவில்லை என்று எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் 1985இல் முதல் மரியாதை, 1992இல் தேவர் மகன் என்று அதே மனிதர் அடங்கிய குரலில் வந்து நிற்கிறார். அந்த இரண்டையும் பார்க்காமல் எழுதப்படும் எந்தத் தீர்ப்பும் பாதித் தீர்ப்பு. எந்தப் படம், எந்தக் காட்சி, எந்த இடத்தில் மிகை என்று சொல். அப்போது உன்னோடு மோதுவதற்குக்கூட ஒருவருக்கு ஆசை வரும்.

ரசிகர்களைப் பற்றி நீ எழுதிய பத்தியை எடுத்துவிடு. கூட்டம் ஏமாந்துவிட்டது என்று சொல்வது படைப்பைப் பற்றிய பேச்சே இல்லை. மூன்று தலைமுறை ஒரு கதையை விடாமல் படித்தால் அதில் அவர்களுக்கு ஏதோ கிடைத்திருக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிப்பது விமர்சகனின் வேலை. கண்டுபிடித்த பிறகு, கிடைத்தது போதாது என்று சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு.

இன்றைய வரிசையைப் பார்த்தும் கோபப்படாதே. லண்டனிலிருந்து வரும் சைட் அண்ட் சவுண்ட் இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை உலகத்து விமர்சகர்களிடம் சிறந்த படம் எது என்று கேட்கிறது. முதல் முறை வென்றது பைசைக்கிள் தீவ்ஸ். நீ சாடியிருக்கும் சிட்டிசன் கேன் அப்போது முதல் பத்தில்கூட இல்லை. 1962 முதல் 2002 வரை ஐந்து முறை அதுவே முதலிடம். 2012இல் வெர்டிகோ அதை இறக்கியது. 1958இல் வந்த அந்தப் படம் 1982இல்தான் முதல் பத்துக்குள்ளேயே நுழைந்தது. 2022இல் ஷாந்தால் ஆகர்மானின் ழான் டீல்மன் முதலிடத்துக்கு வந்தது. படங்களில் ஒரு சட்டகமும் மாறவில்லை. பார்க்கும் தலைமுறையும் அது கையில் எடுத்த கல்லும் மாறின. உன் தீர்ப்பும் அப்படி ஒரு காலத்தின் தீர்ப்பே. அடக்கத்தோடு எழுது, ஆனால் உறுதியாக எழுது.

கடைசியாக ஒன்று. விமர்சகர் க.நா.சுப்ரமண்யம் வாழ்நாள் முழுக்கப் புகழ்பெற்ற தொடர்கதைகளை மறுத்தவர். அவர் பேச்சுக்கு எப்படி எடை வந்தது தெரியுமா? மறுத்த கையோடு அவர் எதையாவது கொண்டுவந்து தந்தார். நார்வே எழுத்தாளர் ஹாம்சனின் நாவலை ‘நிலவளம்’ என்றும் ஸ்வீடன் எழுத்தாளர் லாகர்குவிஸ்டின் நாவலை ‘அன்பு வழி’ என்றும் தமிழுக்குக் கொண்டுவந்தார். நீல பத்மநாபனின் தலைமுறைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். அவர் கல் எது என்று வாசகனுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அந்தக் கல்லையே புத்தகமாகக் கையில் கொடுத்தார். நீ ஒன்றை அதிகம் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், குறைவாகப் பேசப்பட்ட ஒன்றை உடன் கொண்டு வா. அதைப் பிடிக்காதவர்களும் உனக்கு நன்றி சொல்வார்கள்.

கட்டுரையைத் திருப்பி அனுப்புகிறேன். பத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படி. உன் கல்லை முதல் பத்தியிலேயே மேசைமேல் வை. உன் தீர்ப்புக்கு எதிராக எழக்கூடிய மிக வலுவான வாதத்தை நீயே எழுதி, அதற்குப் பதில் சொல். பொன்னியின் செல்வனையே எடுப்பதாக இருந்தால் அந்த ஐந்து பைண்டு பாகங்களும் என்னிடம்தான் இருக்கின்றன. படித்து முடித்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெரியவர் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
உன் அண்ணன்