பெண் வைத்தியர் வந்த பாதை



பின்னேரம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பியதும் நம் பெண்கள் முதலில் செய்கிற காரியம் என்ன? வாசற்படியில் குந்திக் காலை நீவி விடுவதுதான். காலையில் பிரட்டுக்குப் போனதிலிருந்து மலையில் ஏறி இறங்கி, மணிக்கணக்காக நின்ற கால். சிலருக்குக் கெண்டைக்காலில் நீல நிறத்தில் கயிறு முறுக்கினாற்போலப் புடைத்திருக்கும். "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்போம். எண்ணெய் தடவுவோம், துணி சுற்றுவோம், மறுநாள் மலைக்குப் போய்விடுவோம்.

ஒரு சகோதரியிடம், "ஏம்மா, டிஸ்பென்சரியில காட்டலையா?" என்று கேட்டால் வருகிற பதில் நமக்குப் பழக்கமானது. "அங்க இருக்கிறது ஆம்பள ஐயா. அவருகிட்ட எப்படிக் காலத் தூக்கிக் காட்டுறது? வெக்கமா இருக்கு." கால் வலிக்கே இப்படியென்றால் மாதவிலக்குக் கோளாறு, கர்ப்பப்பை நோய், மார்பில் கட்டி என்று வந்தால் என்ன ஆகும்? சொல்லாமலே இருந்து, முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

இந்த வெட்கம் நம்முடைய தோட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்திலும் இதே நிலைதான் இருந்தது. அது எப்படி மாறியது, அந்தப் பாதையில் வந்த ஒரு பெண் எப்படி நம் மலைப் பக்கம் வேலை செய்தார், மேலே சொன்ன அந்த நீல நிறக் குழாய்களைப் பற்றி அவர் என்ன ஆராய்ந்தார் என்பதே இம்முறைப் பாடம்.

புத்தகம் இருந்தது, படிக்கப் பெண் இல்லை

1847 ஆம் ஆண்டில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தங்கி நோயாளரைப் பார்த்தார், பிள்ளைகளுக்கு வைத்தியமும் கற்பித்தார். ஆங்கிலம் தெரியாதவரும் டொக்டர் ஆகலாம் என்று நம்பியவர் அவர். ஆகவே தாமே தமிழ் படித்து, தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைப் படிப்பித்தார். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அவரிடம் கற்று வைத்தியரானார்கள். மானிப்பாயில் இன்றும் அவர் பெயரில் ஆஸ்பத்திரி இருக்கிறது.

பிள்ளைப்பேறு பற்றிய ஓர் ஆங்கில நூலும் 1857 இல் அவருடைய முயற்சியால் தமிழில் வெளிவந்தது. ஆனால் அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் ஆண்பிள்ளைகள். பிள்ளை பெறுகிறவள் பெண். அந்தப் புத்தகத்தைப் படித்தவனோ ஆண். அவனை அறைக்குள் விட அந்த வீட்டார் சம்மதிக்கவில்லை. புத்தகம் வெளியே, தாய் உள்ளே. நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் போன உயிர்களுக்குக் கணக்கில்லை.

இணுவிலில் ஓர் ஆஸ்பத்திரி

இந்தக் குறையைக் கண்டவர்களில் மேரி லீச், மார்கிரெட் லீச் என்ற இரு அமெரிக்கச் சகோதரிகள் முக்கியமானவர்கள். 1880 இல் யாழ்ப்பாணம் வந்த இவர்கள் வைத்தியர்கள் அல்லர், ஊழியக்காரிகள். பெண்களுக்குப் பெண்களே வைத்தியம் பார்க்கும் ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று வெளிநாடுகளில் ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார்கள். அப்படி 1898 இல் யாழ்ப்பாண நகருக்குப் பக்கத்தில் இணுவிலில் மக்லியோட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. டொக்டர் இசபெல்லா கர் என்ற அம்மையார் அங்கே நெடுங்காலம் வேலை செய்தார். உள்ளூர்ப் பெண்பிள்ளைகளும் தாதிமாராகப் பயிற்சி பெற்றார்கள். "ஆம்பளைக்குக் காட்ட மாட்டோம்" என்றிருந்த வீடுகளின் பெண்களுக்கும் போக ஓர் இடம் கிடைத்தது.

யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஊழியம் செய்யவென்று கனடாவிலிருந்து வந்த இன்னொருவர் மேரி இர்வின். வைத்தியப் படிப்பை முடித்த அதே 1896 ஆம் ஆண்டில் அவர் யாழ்ப்பாணத் தமிழரான எஸ். சி. கே. இரத்தினம் என்பவரை மணந்தார். வெள்ளைக்காரப் பெண் கறுத்தவரை மணப்பதை மிஷன் ஏற்கவில்லை. அந்த வேலை போயிற்று. அவர் நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். டொக்டர் மேரி இரத்தினம் என்று நாடே அறிந்தது. கிராமத்துப் பெண்களுக்காக லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்களில் ஒருவராக நின்றார். 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண் அவர்தான். 1958 இல் மக்சேசே விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது பொதுச் சேவைக்கான விருது அவருக்குக் கிடைத்தது.

இவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். நம் நாட்டுப் பெண்கள்? கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870 இல் தொடங்கியது. பெண்களைச் சேர்த்துக்கொள்ள அதற்கு 1892 வரை, அதாவது இருபத்திரண்டு வருடம் பிடித்தது. கதவு மெல்லத்தான் திறந்தது. திறந்த பிறகு அது மூடப்படவில்லை.

அப்புத்தளைப் பக்கம் வந்த டொக்டரம்மா

அந்தக் கதவால் உள்ளே போனவர்களில் ஒருவர் ராஜினி. 1954 பெப்ரவரி 23 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். தகப்பனார் ஓர் ஆசிரியர். வீட்டில் நான்கு பெண்பிள்ளைகள், இவர் இரண்டாமவர். 1973 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படிக்கச் சேர்ந்தார். 1977 இல் தயாபால திராணகம என்ற சிங்களவரை மணந்து, ராஜினி திராணகம ஆனார்.

யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்த பிறகு அவர் வைத்தியராக வேலை செய்த இடம் எது தெரியுமா? நம்முடைய அப்புத்தளைக்குக் கீழே இருக்கிற ஹல்துமுல்ல. பதுளை வீதியில் போகிறவர்கள் அந்த ஊரைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் தேயிலை மலை. 1980 அளவில் அங்கே அவர் கடமை செய்தார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தொடங்கியது 1978 இல். கற்பிக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். ராஜினி ஊர் திரும்பி உடற்கூற்றியல் விரிவுரையாளரானார். மனித உடம்பில் எந்த எலும்பு எங்கே, எந்தக் குழாய் எப்படி ஓடுகிறது என்று சொல்லிக்கொடுக்கும் படிப்பு அது. 1983 இல் புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்தில் லிவர்பூல் மருத்துவக் கல்லூரிக்கு மேற்படிப்புக்குப் போனார். அங்கே அவர் ஆராய்ந்தது கை கால்களில் தோலுக்குக் கீழே ஓடும் இரத்தக் குழாய்களை. மனிதரின் குழாய்களையும் குரங்கினங்களின் குழாய்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வேறு அறிஞர்களோடு சேர்ந்து அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் 1989 இல் வெளிவந்தன.

அந்த நீலக் குழாய் என்ன?

நாம் "நரம்பு" என்று சொல்வது நரம்பு அல்ல. நரம்பு என்பது மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கொண்டுபோவது. நீலமாகத் தெரிவது நாளம். இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோவது நாடி. திருப்பிக் கொண்டுவருவது நாளம்.

நிற்கிற மனிதரின் பாதத்திலிருந்து இருதயத்துக்கு ஏறக்குறைய நாலடி உயரம். அந்த நாலடியும் இரத்தம் மேலே ஏற வேண்டும். நாம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறுவது போலத்தான். இதற்கு உடம்பில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி நாளத்தைப் பிழிகிறது, இரத்தம் மேலே போகிறது. போன இரத்தம் திரும்பிக் கீழே வராதபடி நாளத்துக்குள் வால்வுகள் இருக்கின்றன. மேலே போக விடும், கீழே வர விடாத சின்னக் கதவுகள் அவை. ராஜினி ஆராய்ந்த விஷயங்களில் இந்த வால்வுகளும் ஒன்று.

இதை நீங்களே பார்க்கலாம். 1628 இல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில வைத்தியர் இரத்த ஓட்டம் பற்றித் தாம் எழுதிய நூலில் காட்டிய முறை இது. மெலிந்த பெரியவர் ஒருவரின் கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். முன்கையில் ஒரு நாளம் புடைத்துத் தெரியும். மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அதை அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு விரலால் முழங்கைப் பக்கமாக இரத்தத்தை வழித்துவிட்டு, அந்த விரலை மட்டும் எடுங்கள். நடுவில் வால்வு இருந்தால் மேலேயுள்ள இரத்தம் அதைத் தாண்டித் திரும்பி வராது, குழாயின் அந்தப் பகுதி வெறுமையாகவே கிடக்கும். இப்போது கீழே அழுத்திய விரலை எடுங்கள். உடனே நிறைந்துவிடும்.

அசையாமல் வெகுநேரம் நிற்பது, அடுத்தடுத்துக் கர்ப்பம் தரிப்பது, குடும்ப வழியாக வருவது போன்ற காரணங்களால் இந்த வால்வுகள் பழுதாகின்றன. இரத்தம் கீழே தேங்கி நாளம் வீங்கிச் சுருளுகிறது. செய்யக் கூடியவை இவை:

1. ஒரே இடத்தில் அசையாமல் நிற்காதீர்கள். நிறுக்கக் காத்து நிற்கும்போது குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள்.
2. வீட்டுக்கு வந்ததும் காலை இருதயத்தை விட உயரமாகத் தலையணையில் வைத்துக் கால் மணி நேரம் படுங்கள்.
3. முழங்காலுக்கு மேலே துணியை இறுக்கிக் கட்டாதீர்கள். புடைத்த இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள்.
4. கணுக்காலுக்கு மேலே புண் வந்தால் இலை, கோப்பித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் வைக்காமல் டிஸ்பென்சரிக்குப் போங்கள்.
5. புடைத்த நாளம் வெடித்து இரத்தம் வந்தால் உடனே படுத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.
6. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாகி வலித்தால், அதுவும் பிள்ளை பெற்ற கிழமைகளில் என்றால், அது இரத்தம் உறைந்ததால் இருக்கலாம். மூச்சும் வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

திரும்பி வந்தவர்

இங்கிலாந்தில் படிப்பு முடிந்தது. அப்போது யாழ்ப்பாணத்தில் யுத்தம். வெளிநாட்டில் இருந்துவிட அவருக்கு வழியிருந்தும் 1986 இல் ராஜினி திரும்பி வந்து, உடற்கூற்றியல் துறைத் தலைவரானார். "மாணவர்கள் இருக்கிறார்கள், கற்பிக்க ஆள் வேண்டும்" என்பதை அவருடைய வாழ்க்கையே சொல்லிற்று. யுத்தத்தில் அடிபட்ட பெண்களுக்காகப் பூரணி என்ற இல்லத்தை அமைத்தவர்களில் அவரும் ஒருவர். 1987 யுத்தத்தில் பெண்கள் பட்ட பாட்டை அவர்களிடமே கேட்டு எழுதினார். மூன்று சக விரிவுரையாளர்களோடு சேர்ந்து எழுதிய அந்த நூல் 'முறிந்த பனை'. எந்தப் பக்கம் ஆயுதம் ஏந்தியவர் செய்தாலும் அநியாயம் அநியாயமே என்று அதில் எழுதினார்கள்.

1989 செப்டம்பர் 21 ஆம் திகதி பல்கலைக்கழகத்தில் வேலை முடித்துச் சைக்கிளில் வீடு திரும்பிய வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளுக்குத் தாய். நூல் அச்சாகி 1990 இல் வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. அவரிடம் உடற்கூற்றியல் படித்தவர்கள் வைத்தியர்களாகி நோயாளரைத் தொட்டுப் பார்த்தார்கள். அந்தப் படிப்பு அவரோடு போகவில்லை.

நமக்கு என்ன?

சகோதரிகளே, வெட்கப்படாமல் காட்ட ஒரு டொக்டரம்மா வேண்டும் என்றால் அவர் எங்கிருந்து வருவார்? ஒரு வீட்டில் ஒரு பெண்பிள்ளை படித்தால்தான் வருவார். வைத்தியராக உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் படிக்க வேண்டும். நம் பக்கத்துப் பாடசாலைகள் பலவற்றில் விஞ்ஞான ஆசிரியர் கிடைப்பதே கஷ்டம் என்பது உண்மை. ஆகவே பெற்றார் கூட்டத்தில் அதை விடாமல் கேளுங்கள். சாதாரணதரம் முடித்த மகளை "போதும், வீட்டைப் பாரு" என்று நிறுத்தாதீர்கள். கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பாதீர்கள். கணக்கும் விஞ்ஞானமும் நன்றாக வருகிற பிள்ளையை ஊரே சேர்ந்து படிக்க வையுங்கள். டொக்டராக முடியாவிட்டால் தாதியாகலாம், மருத்துவிச்சியாகலாம், விஞ்ஞான ரீச்சராகலாம். ஒவ்வொன்றும் ஒரு கதவுதான்.

அதுவரை? டிஸ்பென்சரியில் ஆண் இருந்தாலும் போங்கள். துணைக்கு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளினிக்குக்கு வருகிற மருத்துவிச்சி அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். வெட்கம் ஒரு நாள். நோயை மறைத்தால் பிள்ளைகள் தாயில்லாமல் நிற்பது வாழ்நாள் முழுவதும்.

கூடிப் பேசுவதற்கு

1. மானிப்பாயில் தமிழில் வைத்தியம் படிப்பித்தும் பல தாய்மாருக்கு அது ஏன் பயன்படவில்லை?
2. நாடி, நாளம், நரம்பு: இவற்றின் வேறுபாட்டை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக் காட்டுங்கள்.
3. கையில் வால்வைப் பார்க்கும் சோதனையைப் பிள்ளைகளோடு செய்து பாருங்கள்.
4. நம் தோட்டத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பும் பெண்பிள்ளைகள் யார்? அவர்களுக்கு இந்த வருடம் நாம் செய்யக் கூடிய ஓர் உதவி என்ன?