வெளியே வந்த தம்பிக்கு மூலனூர் அக்கா சொல்றது

கோயமுத்தூர் மத்தியச் சிறையில இருந்து கிளம்பறப்பவே சில வேலைய முடிச்சுடணும் கண்ணு. உள்ளே செஞ்ச வேலைக்குக் கூலி சேர்ந்திருக்கும். பாதிக்கப்பட்டவங்க நிதிக்குப் பிடிச்சது போக மீதி எவ்வளவுன்னு கணக்குக் கேட்டு வாங்கு. விடுதலைச் சான்ற மடிச்சுப் பர்ஸுல வெக்காதே, ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு அசலைப் பொட்டியில வை. சிறைத் துறையில நன்னடத்தை அலுவலர்னு இருப்பாங்க. விடுதலையானவங்களுக்கான உதவிச் சங்கத்துல என்ன கிடைக்கும்னு அவங்ககிட்டயே கேளு. கூச்சப்பட்டு நிக்காதே.

ஜாமீன்ல வந்திருந்தா கதை வேற. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகள்ல இருந்தவங்கள்ல 100க்கு 75 பேருக்கு மேல விசாரணைக் கைதிங்கதான், அதனால நீ தனி ஆள் இல்ல. ஆனா ஸ்டேஷன் கையெழுத்தும் வாய்தாவும் முதல், வேலை ரெண்டாவதுதான். காலைல பத்தரைக்குக் கையெழுத்துன்னா எந்தக் கம்பெனி ஷிப்ட்டுக்கும் ஒத்து வராது. நேரத்த மாத்தித் தரச் சொல்லி வக்கீல் மூலமா கோர்ட்டுல மனுப் போடலாம். நீயா ஒரு நாள் விட்டுட்டு மறுநாள் போய்ச் சமாளிக்காதே, ஜாமீனே போயிரும். வக்கீலுக்குக் காசு இல்லேன்னா தாராபுரம் கோர்ட்டுல வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கு. வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு இலவசம். 15100க்கு போன் போட்டும் கேட்கலாம்.

பேப்பர் வேலைல முதல்ல பார்க்க வேண்டியது செல் நம்பர். உன் பழைய நம்பர் இந்நேரம் வேற யார்கிட்டயோ ஓடிட்டு இருக்கும், ஓடிபி எல்லாம் அந்த ஆளுக்குத்தான் போகும். புது நம்பர் வாங்கி, ஆதார் மையத்துக்கு நேர்ல போய்க் கைரேகை வெச்சு மாத்து. அப்புறம் பேங்க். ரெண்டு வருசத்துக்கு மேல வரவு செலவு இல்லேன்னா கணக்கு முடங்கியிருக்கும். ஆதாரும் போட்டோவும் குடுத்தா திறந்துருவாங்க, அதுக்குக் கட்டணம் கிடையாது. ரேஷன் கார்டுல பேர் இருக்கான்னு பாரு. ஓட்டும் உண்டு. உள்ளே இருக்கறவரைக்கும்தான் போட முடியாது. லிஸ்ட்ல பேர் போயிருந்தா படிவம் 6.

இனி வேலை. எல்லாரும் "திருப்பூருக்குப் போயிரு, அங்க யாருக்கும் உன்னைத் தெரியாது"ம்பாங்க. எனக்கு அதுல சம்மதமில்ல. அறுபது கிலோமீட்டருக்கு மேல தள்ளி ஒரு ரூம்ல நாலு பசங்களோட தங்கி, சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோட எங்க போவேன்னு உனக்கே தெரியும். போறதா இருந்தா கம்பெனி வண்டில போயிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துரு. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனில ஆயிரம் பேப்பர் கேட்பாங்க. பவர் டேபிள் தையல் மெஷின் வெச்சிருக்கற சின்ன யூனிட்காரங்க கையத்தான் பார்ப்பாங்க. ஓவர்லாக், பேட்லாக் ஓட்டத் தெரிஞ்சா பீஸ் ரேட்டு. தெரியலேன்னா கைமடி, செக்கிங்ல ஆரம்பி. கான்ட்ராக்ட்காரர் அட்வான்ஸ் நீட்டினா வாங்காதே. அது தீர்றவரைக்கும் அவர் சொன்ன ரேட்டுதான்.

உள்ளே தறி ஓட்டப் பழகியிருந்தா வெள்ளகோவில்ல விசைத்தறி இருக்கு, பக்கம்தான். காங்கயத்துப் பக்கம் தேங்காய்க் களம். நம்மூர்லயே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல பருத்தி ஏலத்தன்னிக்கு மூட்டை தூக்க ஆள் வேணும். முருங்கையை மட்டும் நம்பிக் கடன் வாங்கிக் குத்தகைக்குப் போகாதே. மழைக்காலத்துல காய் விலை கொம்புக்கு ஏறும், வரத்து கூடினா பறிப்புக் கூலிக்குக்கூட விலை காணாது.

அதே கோயமுத்தூர் ஜெயில்ல செக்கிழுத்த வ.உ.சி. 1912ல வெளிய வந்தப்போ வக்கீல் சன்னதே இல்ல. சின்னச் சின்ன வியாபாரம் பண்ணித்தான் பொழச்சார். வாலஸ்ங்கிற வெள்ளைக்கார நீதிபதி சன்னதைத் திருப்பிக் குடுத்தது பிற்பாடு. வ.உ.சி. நாட்டுக்காக ஜெயிலுக்குப் போனவர், நீ அவர் இல்ல. ஆனா கடைசில அவருக்குச் சோறு போட்டதும் பழைய தொழில்தான். உன் தொழில் என்னவோ அதுக்கே திரும்பப் பாரு, நடுவுல கிடைக்கறதைச் செய்யி.

டீக்கடைல, "ஏனப்பா, எப்ப வந்தே?"ன்னு கேட்பாங்க. "போன வாரமுங்க"ன்னு சொல்லிட்டு டீயக் குடி. கேஸுக் கதைய மட்டும் எடுக்காதே. நீ ஒண்ணு சொன்னா பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள ஒம்பதாகும். மன்னிப்புக் கேக்கறேன்னு எதிர்த்தரப்பு வீட்டு வாசல்ல போய் நிக்கறது அதைவிட மோசம். கேஸ் நடக்கறப்ப அதுவே சாட்சிய மிரட்டினதா ஆயிரும். நோம்பிக்குப் போ, முன்னால நின்னு மேளக்காரங்களுக்கு நோட்டு நீட்டாதே, அவ்வளவுதான்.

வீட்ல இருக்கறவங்களுக்கும் ஒண்ணு: அவன் வர்றப்பல்லாம் பீரோவைப் பூட்டாதீங்க. பூட்டணும்னா அவன் வர்றதுக்கு முன்னாலயே பூட்டிட்டு, முதல் வாரச் சம்பளத்துல அரிசியும் எண்ணெயும் அவன் கையாலயே வாங்கிட்டு வரச் சொல்லுங்க.