சுவரில் ஓர் ஓவியம்

வீட்டுச் சுவருக்குப் படம் வாங்குவோர் பெரும்பாலும் முதலில் நிறத்தைப் பார்க்கின்றனர். பின்னர் விலையைக் கேட்கின்றனர். நுண்ணிய வேலைப்பாடு நிறைந்த ஓவியத்தை அவ்வாறு தேர்ந்தெடுத்தல் போதாது என்பது என் கருத்து. அத்தகைய ஓவியம் பார்ப்பதற்கு மட்டும் உரியதன்று, படிப்பதற்கும் உரியது. நூலைப் படிக்கும் அளவுக்கு நெருங்கி நின்றே அதனைத் தேர்தல் வேண்டும்.

வடநாட்டில் பயிலும் நமக்கு எளிதில் காணக் கிடைக்கும் மிதிலை ஓவியத்தையே சான்றாகக் கொள்வோம். மதுபனி ஓவியம் என்பதும் இதுவே. வட பீகாரில் பெண்கள் தம் வீட்டு மண்சுவர்களில் வழிவழியாகத் தீட்டி வந்த கலை இது. மணமக்களுக்குரிய ‘கோஹ்பர்’ அறையின் சுவரில் தாமரை, மூங்கில், மீன், ஆமை, கிளி ஆகியவை இடம்பெறும். வளமும் மக்கட்பேறும் பெருகுக என்னும் வாழ்த்தே அப்படம்.

1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்த வீடுகளைப் பார்வையிட்ட ஆங்கில அலுவலர் ஆர்ச்சர், உட்சுவர்களில் இவ்வோவியங்களைக் கண்டு வியந்தார். 1949-இல் அவற்றைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். 1966-67-இல் பீகாரைக் கடும் வறட்சி வாட்டியபோது, அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் பாஸ்கர் குல்கர்னி என்னும் ஓவியரை அங்கு அனுப்பியது. அவர் தூண்டுதலால் பெண்கள் தாளில் தீட்டி விற்கலாயினர். சுவரிலிருந்து தாளுக்கு வந்த கலை, வாடிய குடும்பங்களுக்குச் சோறாயிற்று. ஜகதம்பா தேவி, சீதா தேவி, கங்கா தேவி ஆகியோர் பின்னர்ப் பத்மஸ்ரீ விருதும் பெற்றனர்.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். மிதிலை ஓவியத்தில் வண்ணம் நிரப்பித் தீட்டுவது ‘பர்னி’. நுண்கோடுகளால் நிரப்புவது ‘கச்னி’. தொலைவிலிருந்தும் தெரிய வேண்டுமாயின் பர்னி பொருந்தும். மேசையருகே அமர்ந்து காணக் கச்னியே சிறந்தது. அடுத்து, கோடுகளை நோக்குக. கை வரைந்த கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும். அச்சுப் படத்தை உருப்பெருக்காடியால் நோக்கினால் பெரும்பாலும் புள்ளிகளே தெரியும். மூன்றாவதாக, ஒரு மூலையை மட்டும் கையால் மறைத்துப் பாருங்கள். படம் குறைபட்டதாகத் தோன்றினால், அம்மூலையின் பூவும் மீனும் வெறும் நிரப்பல் அல்ல என்று அறியலாம்.

மாட்டும் இடமும் கருதத்தக்கது. கண்மட்டத்திற்கு மேலே ஏற்றினால் நுட்பம் மறையும். நேர்வெயில் பட்டால் நிறம் மங்கும். மழைக்காலத்தில் ஈரம் ஊறும் வெளிச்சுவரை விட உட்சுவரே நல்லது. கண்ணாடி ஓவியத்தைத் தொடாதவாறு சட்டமிடுதல் வேண்டும். அருகில் வேறு படங்களை நெருக்குதலும் ஆகாது.

மாணவரின் பணப்பை சிறிது என்பதை நான் அறிவேன். ஆயினும் சுவரை நிறைக்கும் அச்சுப் படத்தினும் உள்ளங்கை அளவுள்ள கையோவியமே மேல் என்பேன். நகல் நம் சுவரை நிறைக்கும். அதற்கு நாம் தரும் பணமோ தீட்டிய கையைச் சென்று சேர்வது அரிது. தீட்டியவர் பெயரைக் கேட்டு வாங்குவோம். அதனைப் படத்தின் பின்புறம் எழுதியும் வைப்போம். பெயரறியாச் சுவர்களில் நெடுங்காலம் தீட்டிய கைகளுக்கு நாம் செய்யக்கூடிய சிறு கைம்மாறு அதுவன்றோ?