வேலியோரப் பச்சையும் வீட்டு முயலும்

போர் என்றவுடன் பீரங்கியும் விமானமும் நம் நினைவுக்கு வரும். ஆனால் அடுப்படியிலும் ஒரு போர் நடக்கிறது. அது பசியோடு நடக்கும் போர். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்து நாட்டு இல்லங்கள் பல, அந்தப் போரில் சாதுவான முயலைத் துணைக்கு அழைத்தன. வரலாற்றுப் பாடமும் அறிவியல் பாடமும் கைகோத்து நிற்கும் அக்காட்சியைச் சற்றே காண்போம்.

பிரிட்டன் ஒரு தீவு நாடு. அதன் உணவில் பெரும்பகுதி கப்பலில் வர வேண்டியிருந்தது. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அக்கப்பல்களைத் தாக்கின. 1940 ஜனவரி 8 முதல் வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டுக்கு வந்தன. மார்ச் 11 முதல் இறைச்சியும் வந்தது. வயது வந்த ஒருவர் வாரத்துக்கு 1 ஷில்லிங் 10 பென்ஸ் மதிப்புள்ள இறைச்சியையே வாங்க முடிந்தது. முயல் இறைச்சிக்கோ பங்கீடு இல்லை. ஆகவே கொல்லைப்புறங்களில் முயல் கூண்டுகள் எழுந்தன. முயல் வளர்ப்போர் சங்கங்களில் சேர்ந்தவர்களுக்கு, ஈனும் பெண் முயல்களுக்கென்று சிறிது தவிடு கிடைத்தது. மனிதருக்கே தானியம் அரிதான நாளில் மற்றத் தீனிக்கு எங்கே போவது? வேலியோரத்திலும் வரப்பிலும்தான் தேட வேண்டும். சிறுவர் சிறுமியர் கோணிப்பையுடன் கிளம்பினர்.

புல்லைச் சத்தாக்கும் பை

முயல், ஆடுமாடுகளைப் போல அசைபோடும் பிராணி அன்று. ஆயினும் புல்லைத் தின்றே வாழ்கிறது. எப்படி? அதன் குடலில் சீக்கம் என்னும் பெரிய பை ஒன்று உள்ளது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் இலை தழைகளைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அச்சத்தில் ஒரு பகுதி மிருதுவான சிறு உருண்டைகளாக வெளிவர, முயல் அவற்றை உடனே மீண்டும் தின்றுவிடுகிறது. கேட்பதற்கு அருவருப்பாக இருக்கலாம். ஆனால் பி வைட்டமின்களும் புரதமும் அதற்கு இவ்வழியிலும் கிட்டுகின்றன. கீழே விழும் கடினமான புழுக்கைகள் தோட்டத்துக்கு எருவாகும். அந்த எருவில் விளைந்த முட்டைக்கோசின் வெளி இலைகள் மறுபடியும் முயலுக்குத் தீனியாகும். இறைவனின் படைப்பில் வீண் என்று எதுவுமில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமோ?

இளவேனில் தரும் விருந்து

குளிர்காலம் முழுவதும் காய்ந்த புல்லும் டர்னிப் போன்ற கிழங்குகளுமே முயலின் உணவு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பனி விலகுகிறது. திருச்சபை ஆண்டவரின் உயிர்ப்பைக் கொண்டாடும் அந்தக் காலத்தில்தான் வேலியோரங்களும் உயிர்பெறுகின்றன. மஞ்சள் பூப்பூக்கும் டான்டேலியன், தரையில் படரும் சிக்வீட், முள் உள்ள பிராம்பிளின் இளந்தளிர், கௌ பார்ஸ்லி ஆகியவை முயல் விரும்பித் தின்பவை.

பகற்பொழுது நீள நீள முயல்கள் ஈனும் பருவமும் வருகிறது. சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்களே. ஈனும் வேளையில் தாய் முயல் தன் மார்பு ரோமத்தைத் தானே பிடுங்கி மெத்தை அமைக்கிறது. ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் பிறப்பது வழக்கம். குட்டிகள் ரோமமின்றி, கண் திறவாமல் பிறந்து, சுமார் பத்து நாட்களில் கண் விழிக்கின்றன. மூன்றாம் வாரத்தில் கூட்டை விட்டு வந்து பச்சையைக் கொறிக்கின்றன.

விருந்தே வினையாகலாம்

இங்கேதான் எச்சரிக்கை தேவை. காய்ந்த புல்லுக்குப் பழகிய குடலுக்குத் திடீரென ஈரப் பச்சையை அள்ளிக் கொடுத்தால் நுண்ணுயிர்களின் சமநிலை கெடும். வயிறு உப்பும், கழிச்சல் காணும், முயல் இறந்தும் போகும். பஞ்சத்தில் சாகாத பிராணி மிகுதியில் செத்துவிடும்! எனவே அறிந்தவர்கள் முதலில் ஒரு கைப்பிடியே கொடுத்து, காய்ந்த புல்லையும் விடாமல் வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். பறித்த பச்சையைக் குவித்து வைத்தால் சூடேறிக் கெட்டுவிடும் என்பதால் பரப்பி வைப்பார்கள்.

இன்னொரு ஆபத்து நச்சுச் செடி. முயலால் வாந்தியெடுக்க இயலாது. உள்ளே சென்ற நஞ்சு உள்ளேயே தங்கும். ஃபாக்ஸ்குளோவ் என்னும் அழகிய செடி இதயத்தைத் தாக்கும். கி.மு. 399இல் சாக்ரடீஸ் அருந்திய நஞ்சு ஹெம்லாக் செடியினுடையது. அந்த ஹெம்லாக், முயல் விரும்பும் கௌ பார்ஸ்லியைப் போலவே வெண்பூக்களும் பிளந்த இலைகளும் கொண்டது. ஹெம்லாக்கின் தண்டு வழவழப்பானது. அதில் ஊதாப் புள்ளிகள் இருக்கும். கௌ பார்ஸ்லியின் தண்டில் வரிப்பள்ளங்களும் மெல்லிய ரோமமும் உண்டு, புள்ளிகள் இரா. ஒரு தண்டைத் திருப்பிப் பார்க்கும் நேரம்தான் உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்றது. ‘அறியாத செடியைப் பறிக்காதே’ என்பதே பையேந்திய பிள்ளைகளுக்குப் பாலபாடம்.

கண்ணீரும் நன்றியும்

பெயர் வைத்து, தீனி தேடி வளர்த்த முயல் ஒரு நாள் உணவு மேசைக்கு வந்தபோது உண்ண மறுத்து அழுத பிள்ளைகளும் உண்டு. அக்கண்ணீரை நாம் எள்ளலாகாது. வெறும் விளையாட்டுக்காகவன்றி, வீட்டார் பசியாறவே அவை வளர்க்கப்பட்டன. ஓர் உயிர் நமக்காகத் தன்னைத் தருகிறது என்று உணர்ந்தவர், தட்டில் ஒரு கவளத்தையும் வீணாக்க மாட்டார். அந்நாட்டில் இறைச்சிப் பங்கீடு 1954 ஜூலை 4 அன்றுதான் முடிவுற்றது. போர் முடிந்தும் ஒன்பது ஆண்டுகள்!

தோழியரே, வேலியோரப் பச்சைக்குக் காசு இல்லை. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அவ்விலை அறிவும் பொறுமையுமாகும். செடியின் தண்டையும் இலையையும் வரைந்து பெயர் எழுதும் தாவரவியல் பாடம் மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. ஒரு குடும்பம் உண்பதும் பட்டினி கிடப்பதும் அதைப் பொறுத்திருந்த காலம் உண்டு. ஆகவே உற்று நோக்கக் கற்போமாக.