மரக்கறித் தோட்டத்தின் ஓரத்திற்குப் பூஞ்செடிகளும் கள்ளிகளும்

கண்டி, பேராதனை, குண்டசாலைப் பகுதிக் கமக்காரரின் கவனத்திற்கு

பூசணியும் பாகலும் செழிப்பாகப் படர்ந்து நிறையப் பூத்திருந்தும் காய் நிற்கவில்லை என்ற முறைப்பாடு இப்பகுதிக் கமக்காரரிடமிருந்து அடிக்கடி வருகின்றது. சென்ற போகத்தில் மகாவலி கங்கைக்கு அணித்தாயுள்ள ஒரு பூசணித் தோட்டத்தை இதன்பொருட்டுப் பார்வையிட்டோம். பசளையிற் குறைவில்லை, கொடியில் நோயுமில்லை. பிஞ்சுகள் எலுமிச்சங்காய் அளவை எட்டுமுன் மஞ்சளித்து உதிர்ந்துகொண்டிருந்தன. பழ ஈயே காரணமென எண்ணிய தோட்டக்காரர், வாரத்திற்கு இருமுறை, காலை ஏழு மணிக்குப் பூச்சிநாசினி தெளித்து வந்தார். உதிர்ந்த பிஞ்சுகளுட் பன்னிரண்டை வெட்டிப் பார்த்தோம். இரண்டில் மாத்திரமே புழு இருந்தது. ஏனைய பத்தும் மகரந்தம் சேராமையால் வாடியவை. பழ ஈக்கென்று தெளித்த மருந்து தேனீயைக் கொன்றதனாலேயே காய் நிற்கவில்லை.

பூசணியில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் வெவ்வேறாகப் பூக்கின்றன. பெண்பூவின் அடியில் சிறு காய் ஒன்று இருத்தலால் அதனை எளிதில் அறியலாம். பூ விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். அதன் மகரந்தம் பசைத்தன்மையுடையதாதலின் காற்றினாற் பரவாது. தேனீக்களே அதனைச் சுமந்து செல்லவேண்டும். ஆகவே காலை ஏழு மணிக்குத் தெளிக்கும் மருந்து, ஒரு நாளில் மிகவும் வேண்டப்பட்ட வேளையில் வேண்டப்பட்ட விருந்தாளியையே வாயிலில் வைத்துக் கொல்வதற்கு ஒப்பாகும். மருந்து தெளித்தே ஆகவேண்டுமெனின் பூக்கள் வாடிய பின், மாலையில் தெளியுங்கள். தெளிக்குமுன் உதிர்ந்த பிஞ்சுகளை வெட்டிப் பாருங்கள். புழு இல்லையேல் மருந்துக்கு வேலையில்லை. கொடி பூக்கத் தொடங்கும் முதற் சில நாட்களில் ஆண்பூக்களே தோன்றும். அதுகண்டு கலங்க வேண்டியதில்லை.

உடனடிப் பரிகாரமாக, காலை எட்டு மணிக்கு முன் ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவலாம். பத்துக் கொடிக்கு இது போதும். கால் ஏக்கருக்கு இதைச் செய்துகொண்டிருக்க எவருக்கும் நேரம் கிடையாது. அங்கு தேனீதான் செய்யவேண்டும்.

தேனீ ஒன்றே போதுமானதென்றும் எண்ணலாகாது. கத்தரிப்பூவின் மகரந்தப் பைகள் நுனியிற் சிறு துவாரமுடையவை. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரச்செய்யும் பூச்சிகளே அத்துவாரத்தினின்றும் மகரந்தத்தை உதிர்க்க வல்லன. நீலப்பட்டைத் தேனீயும், கருநிறத்துத் தச்சுத்தேனீயும் இவ்வேலையைச் செய்யும். கூட்டில் வளர்க்கும் நம் நாட்டுத் தேனீக்கு இது கைவராது. புடோலின் வெண்ணிறப் பூவோ மாலையில் விரிவது. இரவில் வரும் அந்துப்பூச்சிகள் அதற்கு உதவுகின்றன. ஆகவே பல்வகைப் பூச்சிகளும் உங்கள் தோட்டத்தில் தங்கியிருத்தல் வேண்டும். பயிர் பூப்பதோ சில வாரங்களே. எஞ்சிய மாதங்களில் அவை எதை உண்ணும்?

பழைய கண்டி வீட்டுத்தோட்டங்களில் இக்கேள்வி எழவில்லை. பலா, தென்னை, கமுகு, கராம்பு, கோப்பி, மிளகு எனப் பல அடுக்காக வளர்ந்த அத்தோட்டங்களில் ஏதாவதொன்று எப்போதும் பூத்திருக்கும். தென்னையொன்றே ஆண்டு முழுவதும் பாளை விரித்து மகரந்தம் அளிக்கவல்லது. மரங்களை நீக்கி மரக்கறிக்கென வெட்டையாக்கிய நிலங்களிலேயே பஞ்சம் நேர்கின்றது.

எதை நடலாம்?

வேலியோரம் மூன்றடி அகலமான நிலம் இதற்குப் போதுமானது. துளசியைப் பூக்கவிடுங்கள்; தேனீக்கு அதைப்போற் பிடித்த செடி சிலவே. கொத்தமல்லியிற் சில செடிகளைப் பறிக்காது விடின், அதன் குடைபோன்ற சிறு பூக்களில் நன்மைபயக்கும் சிறு குளவிகள் வந்து தேனருந்தும். சூரியகாந்தி, வாடாமல்லி, எள் ஆகியவற்றை இடையிடையே விதைக்கலாம். துலுக்கச் செவ்வந்தியைப் பற்றி ஒரு வார்த்தை: வேர்முடிச்சுப் புழுவை அது அடக்கும் என்பது உண்மையே. ஆயின் பாத்தி மூலையில் இரண்டு செடி வைத்தால் அப்பலன் கிட்டாது. பாத்தி முழுவதும் நெருக்கமாக ஒரு போகம் வளர்த்து மண்ணோடு கொத்திவிடல் வேண்டும். இரண்டு செடி வைப்போர் அழகுக்கென்றே வைக்கலாம், அதிலும் குற்றமில்லை.

நெல் வயலின் வரம்புக்கும் இது பொருந்தும். சீனா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளில் வரம்புகளில் எள் முதலிய பூஞ்செடிகளை வளர்த்து நடத்திய பரிசோதனையின் முடிவு 2016 இல் வெளியாயிற்று. பூச்சிநாசினித் தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் 5 சதவீதம் கூடிற்று. கபிலநிறத் தத்தியின் முட்டைக்குள் தன் முட்டையை இடும் மிகச் சிறிய குளவிகள், பூந்தேன் கிடைப்பின் நெடுநாள் வாழ்வதே இதற்குக் காரணமாகும். வரம்பை முற்றாகச் செருக்கி வெறுமையாக்குவதே துப்புரவு என்று கருதும் வழக்கத்தை நாம் சற்றுத் தளர்த்தல் நன்று.

உண்ணிச்செடியை மாத்திரம் நடவேண்டாம். வண்ணாத்திப்பூச்சிகள் அதனை நாடுவது உண்மை. அழகுச் செடியாக இந்நாட்டிற்கு வந்த அது, குருவிகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பியதால், இன்று காட்டோரங்களையும் தரிசு நிலங்களையும் மூடிக் கிடக்கின்றது.

தச்சுத்தேனீ காய்ந்த மூங்கிலிலும் பட்ட கிளையிலும் துளையிட்டுக் கூடமைக்கும். பந்தலின் பழைய மூங்கில் கழிகளை அடுப்பிலிடாது, நனையாத மூலையொன்றிற் கட்டிவையுங்கள்.

கள்ளிகளைப் பற்றி

கள்ளியென நாம் அழைப்பனவெல்லாம் ஒரு குடும்பத்தனவல்ல. சதுரக்கள்ளியும் கொம்புக்கள்ளியும் பாலுள்ளவை. அப்பால் கண்ணிற் பட்டால் கடுந்தீங்கு விளைவிக்கும். சிறுவர் உள்ள வீட்டில் இவற்றை வேலியாக்காதிருப்பதே நலம். முட்கள்ளிக் குடும்பத்தின் செடிகள் ஏறக்குறைய அனைத்தும் அமெரிக்கக் கண்டத்துக்குரியவை. அக்குடும்பத்தில் ஒரேயொரு இனம் இலங்கை மரங்களில் இயற்கையாகத் தொற்றி, பச்சைக் கயிறுகளைப்போல் தொங்கி வளர்கின்றது. கண்டார் அதனைக் கள்ளியென்று நம்பமாட்டார். நம்மவர் கடுபுல் என்றழைத்து, நள்ளிரவில் விரிவதைக் காணக் கண்விழித்திருக்கும் வெண்மலர்ச் செடியும் மெக்சிக்கோ நாட்டுக் கள்ளியே.

நாகதாளியை வேலிக்கு நடும் எண்ணமிருப்பின் கைவிடுக. இதற்கொரு வரலாறு உண்டு. செஞ்சாயம் எடுக்கும் நோக்குடன் 1795 இல் பிரேசிலிலிருந்து வங்காளத்திற்கு ஒரு பூச்சி கொண்டுவரப்பட்டது. பூச்சி இனம் மாறி வந்தமையால் சாயம் சரிவரவில்லை. ஆனால் அது நாகதாளியைத் தின்று அழித்தது. களையாய்ப் பரவிய நாகதாளியை அடக்க அப்பூச்சி 1860களில் இலங்கைக்கும் கொண்டுவரப்பட்டது. களையை அழிக்கவென்றே பூச்சியைக் கொண்டுசென்ற முதல் நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. வேறொரு நாகதாளி இனத்திற்காக 1924 இல் இன்னொரு பூச்சியையும் தருவிக்க நேர்ந்தது.

சாடியில் வளர்க்கும் சிறு கள்ளிகளுக்குக் கண்டியின் மழையே பகை. ஆற்றுமணல் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, செங்கல் துண்டு சிறிது கலந்து நிரப்பி, வெயில் படும் தாழ்வாரத்தில் கூரைக்குக் கீழ் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நீர் ஊற்றவே வேண்டாம். சாடியின் அடித்தட்டில் நீர் தேங்கவிடல் தகாது. கண்டி மாவட்டத்தில் டெங்கு நோய் மிகுதியென்பதை நீங்கள் அறிவீர்கள். வருமானம் வேண்டுவோர், மழை குறைந்த தெல்தெனியப் பக்கத்தில், டிராகன் பழக் கள்ளியைக் கொங்கிறீற்றுத் தூணில் ஏற்றி வளர்க்கலாம்.

வரும் விலங்குகள்

தேன்சிட்டு பூவுக்கு வந்தாலும் தன் குஞ்சுக்குப் பூச்சியையே ஊட்டும். புலுனிக் கூட்டம் சருகைக் கிளறிப் புழுவைப் பொறுக்கும். செண்பகம், ஆபிரிக்க நத்தையை உடைத்துத் தின்னும். அந்நத்தையால் நாற்றை இழந்தவருக்கு இதன் அருமை தெரியும். சாரைப்பாம்பு எலியைப் பிடிக்கும், அதனை அடிக்கவேண்டாம். ஆயினும் குணகட்டுவா எனச் சிங்களத்தில் வழங்கும் சிறு விரியன் சருகுக் குவியலிற் பதுங்கியிருக்கும். கூட்டெருக் குழியை நடைபாதையிலிருந்து விலக்கி அமையுங்கள். சருகைக் கையால் அள்ளாதீர்கள். மாலையிற் செல்லின் மின்சூளும் சப்பாத்தும் வேண்டும்.

பேராதனைப் பூங்காவின் பழவௌவால்களைக் கொய்யாத் தோட்டக்காரர் வெறுப்பது இயல்பே. இலவம் போன்ற மரங்களின் இரவுப் பூக்களுக்கு வௌவால்கள் உதவுவதால், கொல்வதினும் பழங்களைக் காகிதப் பைகொண்டு மூடுதல் தகும். பழ ஈக்கும் அதுவே காப்பு.

குரங்கிற்கு இவ்விதம் எளிய விடையில்லை. 1938 இலிருந்து சரணாலயமாயுள்ள உடவத்தகலேயின் அயலிலும் ஹந்தானைச் சரிவிலும் வாழ்வோருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிடம், குரங்கு, மயில், மலை அணில் முதலியவற்றை நாடெங்கும் கமக்காரரே எண்ணும்படி அரசு கேட்டுக்கொண்டது இத்தொல்லையின் அளவை உணர்த்தும். செவ்வரத்தையின் மொட்டையும் குரங்கு விடாது. ஆகவே அதனை மரக்கறிப் பாத்திக்கு அருகில் நடாதீர்கள். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். சமையற் கழிவைத் திறந்து போடாதீர்கள். வீதியோரத்திற் குரங்குக்கு உணவிடும் பழக்கத்தை அயலவரும் நிறுத்தினாலன்றி ஒரு வீட்டார் மட்டும் செய்வதாற் பெரும்பயன் இராது. தொல்லை மிக்க இடங்களில் குரங்கு அவ்வளவாக விரும்பாத மஞ்சளையும் இஞ்சியையும் வெளிவரிசையில் நடலாம்.

தேசியிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம்போல் ஒட்டியிருக்கும் புழு வண்ணாத்திப்பூச்சியாவது. இளங்கன்றாயின் கையாற் பொறுக்கி, வளர்ந்த கறிவேப்பிலை மரமொன்றில் விட்டுவிடலாம், மரம் தாங்கிக்கொள்ளும்.

பூ விதைகளை ஐப்பசி மழை நிலைத்ததும், பெரும்போக மரக்கறி நாற்று நடுவதற்கு மூன்று வாரம் முன்பாகவே விதைத்துவிடுங்கள். பூசணி பூக்கும்போது வேலியோரமும் பூத்திருக்கும்.